விஞ்ஞானமும் தம்மமும்: காஞ்சியிலிருந்து இராயப்பேட்டைக்கு

காஞ்சிபுரத்துக்கு வெளியூர் சனங்கள் இரண்டு காரியத்துக்கு வருகிறார்கள். ஒன்று சாமி கும்பிட, இன்னொன்று பட்டு எடுக்க. கல்யாணப் பத்திரிகையைக் காமாட்சி காலடியில் வைத்துவிட்டு அப்படியே காந்தி ரோட்டுப் புடவைக் கடைக்குள் நுழைந்துவிடுவார்கள். 2019ல் அத்திவரதரைக் குளத்திலிருந்து எடுத்து 48 நாள் வெளியே வைத்திருந்தபோது ஊரே மூச்சுத் திணறியது. வரிசையில் நின்றவர்களில் டாக்டர், இஞ்சினியர், காலேஜ் பேராசிரியர் எல்லாருமுண்டு. நாற்பது வருஷம் தண்ணீரில் கிடந்த மரம் ஏன் உளுத்துப் போகவில்லை என்பதற்கு ‘விஞ்ஞான விளக்கம்’ கொடுத்தவர்களும் உண்டு.

இந்த ஊருக்கு மூன்றாவதாக ஒரு பேர் இருந்தது. இன்றைக்கு அதற்காக யாரும் வருவதில்லை. அது தர்க்கம். எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது, நம்புவதற்குச் சான்று என்ன என்று கேட்கிற வித்தை. பௌத்தத் தர்க்கவியலின் தலைமகனான திங்நாகர் காஞ்சிப் பக்கத்துக்காரர் என்பது திபெத்தியர்கள் எழுதி வைத்த மரபு. தர்மபாலர் இங்கே ஒரு மந்திரி வீட்டில் பிறந்தவர். அரசன் மகளைக் கட்டிக்கொள் என்றதும், விடிந்தால் கல்யாணம் என்கிற ராத்திரியில் ஊரைவிட்டு ஓடித் துறவியாகி, பின்னால் நாளந்தாவுக்கே தலைமை ஆசிரியரானவர். அவருடைய மாணவர் சீலபத்திரரிடம் பாடம் கேட்ட சீனத்து யுவான் சுவாங் கி.பி. 640 வாக்கில் காஞ்சிக்கு வந்தபோது நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்களும் பத்தாயிரம் பிக்குகளும் இருந்ததாக எழுதியிருக்கிறார். எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் அது சின்ன ஊரில்லை.

மணிமேகலை தன் பயணத்தை முடிக்கிற இடமும் காஞ்சிதான். இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் அவளுக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறார் என்று பாருங்கள். மந்திரமல்ல, தோத்திரமல்ல. அளவை சொல்லிக் கொடுக்கிறார். ஆதி புத்தன் வழியில் அளவை இரண்டுதான்: நேரே காண்பது, கண்டதை வைத்துக் கருதி அறிவது. மற்றதெல்லாம் இந்தக் கருத்தளவைக்குள் அடங்கும். ஒரு நூல் சொல்லிற்று என்பதே தனியாக ஒரு சான்றாகாது. இதை வெறும் தத்துவ நுணுக்கம் என்று தமிழ் எம்.ஏ. வகுப்பில் தாண்டிப் போய்விடுவார்கள். எங்களுக்கும் அப்படித்தான் தாண்டிப் போனார்கள். வேதம் தனிச் சான்றில்லை என்று ஆகிவிட்டால், அந்த வேதத்தைக் காட்டித்தானே நம்மைச் சேரிக்குள் வைத்திருக்கிறார்கள், அந்த ஏற்பாட்டுக்கு என்ன சான்று மிச்சமிருக்கிறது? அந்தக் கேள்வியை வகுப்பில் யாரும் கேட்கவில்லை.

அந்தத் தர்க்கக்காரர்கள் எங்கே போனார்கள்? கோயிலுக்குள் போனார்கள், கல்லாக. காமாட்சியம்மன் கோயில் உட்பிராகாரத்தில் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் புத்தர் சிலையைக் கோபிநாத ராவ் கண்டு 1915ல் எழுதினார். அந்தப் புத்தர் இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் நிற்கிறார். ஏகாம்பரநாதர் கோயில் மதிலில் புத்தர் உருவங்கள் உண்டு. கருக்கினில் அமர்ந்தாள் அம்மன் கோயிலிலும் இரண்டு புத்தர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மயிலை சீனி. வேங்கடசாமி 1940ல் எழுதிய ‘பௌத்தமும் தமிழும்’ நூலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருநாள் இந்த ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஊர் வேறு மாதிரி தெரியும்.

இனி விஷயத்துக்கு வருவோம். விஞ்ஞானத்தைத் தொழிலாக வைத்துக்கொண்ட ஒருவர் மத நம்பிக்கையோடு எப்படி இருக்க முடியும்? இந்தக் கேள்வி எழுந்த உடனே நம் ஊரில் இராமானுஜனைக் கொண்டு வந்து நிறுத்திவிடுவார்கள். நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்னாள், பாருங்கள், பக்தியும் கணிதமும் ஒன்றாக இருக்கவில்லையா என்பார்கள். இருந்திருக்கலாம். ஏ.கே. இராமானுஜன் தன் தகப்பனாரைப் பற்றி எழுதியது இதைவிடத் தெளிவானது. மைசூரில் கணிதப் பேராசிரியரான அவருக்கு வானவியலும் வரும், சோதிடமும் வரும். காலையில் குளித்துவிட்டு கீதை படிப்பார், அதே ஆர்வத்தோடு பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் படிப்பார். இது எப்படி ஒத்துப்போகும் என்று மகன் கேட்டதற்கு, மூளைக்கு இரண்டு மடல் இருக்கிறது தெரியாதா என்றாராம் தகப்பனார்.

இந்தப் பதிலைப் பலர் ரசித்திருக்கிறார்கள். எனக்கு இதைப் படித்தபோது நம் கிராமங்கள்தான் ஞாபகம் வந்தன. ஊர் தனி, சேரி தனி. நடுவில் ஒரு ஓடையோ ஒரு பாட்டையோ. அதனதன் இடத்தில் அதது இருக்கும்வரை சண்டையில்லை, எல்லாம் சுமுகம். அப்படித்தான் மண்டைக்குள்ளேயும் ஒரு மடலில் விஞ்ஞானம், இன்னொரு மடலில் சாஸ்திரம், ஒன்றையொன்று தொடக்கூடாது. 2023 ஜூலையில் சந்திரயான் 3 கிளம்புவதற்கு முந்தின நாள் விஞ்ஞானிகள் அதன் சின்ன மாதிரியைத் திருமலைக்கு எடுத்துக்கொண்டு போனார்களே, அதுவும் இந்த இரண்டு மடல் ஏற்பாடுதான். தனிமனிதர் பயத்துக்கும் ஆசைக்கும் கும்பிடுவதை நான் கேலி செய்யவில்லை. என் ஆத்தாளும் கும்பிட்டவள்தான். ஆனால் இந்தச் சமரசம் சிலருக்கு மட்டும் ஏன் இவ்வளவு லேசாக வருகிறது? சோதனைச்சாலை அவர்களுக்கு மரியாதை தருகிறது, கோயிலும் மரியாதை தருகிறது. இரண்டு இடத்திலும் நாற்காலி இருக்கிறவன் எதை எதோடு மோதவிடப் போகிறான்?

நாற்காலி இல்லாதவனுக்கு இது வேறு கதை. மேகநாத் சாகா 1893ல் கிழக்கு வங்காளத்தில் சாதியில் தாழ்த்தப்பட்ட ஒரு மளிகைக் கடைக்காரர் வீட்டில் பிறந்தவர். கல்கத்தா பிரசிடென்சி காலேஜில் படிக்க வந்து ஈடன் இந்து விடுதியில் தங்கினார். கூட உட்கார்ந்து சாப்பிட மேல்சாதிப் பிள்ளைகளுக்கு ஆகவில்லை. சரசுவதி பூசைக்கும் விலக்கி வைத்தார்கள். படிப்புக்கான சாமியைக் கும்பிட, வகுப்பில் முன்னால் நிற்கிற பையனுக்கு அனுமதியில்லை! அந்தப் பையன்தான் 1920ல் நட்சத்திரங்களின் ஒளியைப் படிக்க உதவும் அயனியாக்கச் சமன்பாட்டைக் கொடுத்தான். ‘எல்லாம் வேதத்திலேயே இருக்கிறது’ என்கிற பேச்சை அவர் பிற்காலத்தில் வங்காளிப் பத்திரிகையில் கிழிகிழி என்று கிழித்தார். பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவராக இருந்தபோது, நம்முடைய சங்கராந்திக் கணக்கு வானத்தில் நடப்பதைவிட 23 நாள் பிந்திக் கிடக்கிறது என்று காட்டினார். பஞ்சாங்கக்காரர்கள் அசைந்து கொடுக்கவில்லை. தை முதல் தேதி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

சரசுவதி பூசை சங்கதி கல்கத்தாவோடு முடிந்துவிடவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வுக்கூடத்துத் தராசுக்கும் குடுவைக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பூசை போடுவார்கள். சேரிப் பிள்ளைகளுக்கும் பொரிகடலை உண்டு, வெளியே வராந்தாவில். ‘சாமி வேற, சயின்ஸ் வேற, ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதீங்கடா’ என்பார் வாத்தியார். வராந்தாவில் நின்ற எங்களுக்குக் குழப்பம் எதுவும் இருக்கவில்லை.

சாகாவுக்கு முன்னாலேயே, நம்முடைய சென்னையில், இரண்டு மடல் ஏற்பாட்டை ஒப்புக்கொள்ளாத ஒரு பௌதிக வாத்தியார் இருந்தார். பொ. லட்சுமி நரசு. 1861ல் பிறந்தவர், சாதி இந்துக் குடும்பம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தவர், பிறகு பச்சையப்பன் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியர். 1906ல் இராமானுஜன் எப்.ஏ. படிக்கச் சேர்ந்து, கணக்கைத் தவிர மற்றதில் கோட்டை விட்டாரே, அதே பச்சையப்பன். அடுத்த வருஷம் 1907ல் நரசு ஆங்கிலத்தில் ‘பௌத்த சாரம்’ என்ற நூலை வெளியிட்டார். இராமானுஜனின் நாமகிரியை இந்த நாடே அறியும். நரசுவின் புத்தகத்தை எத்தனை பேர் அறிவார்கள்?

நரசு விஞ்ஞானத்தைக் கல்லூரியில் வைத்துவிட்டு வந்து புத்தரை வணங்கவில்லை. கல்லூரியில் எதைக் கொண்டு சோதித்தாரோ அதைக் கொண்டே புத்தரையும் சோதித்தார். தங்கத்தைச் சுட்டும் வெட்டியும் உரைத்தும் பார்ப்பதுபோல என் சொல்லையும் சோதித்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று புத்தர் சொன்னதாகப் பௌத்த மரபில் ஒரு செய்தி உண்டு. காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு, மேலே பூசினது நிஜத் தங்கமா என்று உரசிப் பார்க்காமல் அந்த ஊரில் பாவு ஏறாது. முதலாளி சத்தியம் செய்தாலும் உரசித்தான் பார்ப்பார்கள். நரசு உரசியதில் பௌத்தத்தின் மேலே படிந்திருந்த அற்புதங்கள், தேவலோகக் கதைகள் எல்லாம் உதிர்ந்தன. மிஞ்சியவை காரண காரியத் தொடர்ச்சி, ஒழுக்கம், துக்கத்திலிருந்து விடுதலை.

அதில் நமக்கு முக்கியமானது மறுபிறவி பற்றி அவர் எடுத்த நிலை. ஆத்மா என்று நிலையான ஒரு பொருள் இல்லை என்றால் ஒரு உடம்பை விட்டு இன்னொரு உடம்புக்குப் போவது எது? ஒன்றும் போவதில்லை என்றார் நரசு. கர்மம் என்பதை அவர் பரம்பரையாலும் சமூகத்தாலும் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு வருகிற விளைவாகப் படித்தார். அன்றைய உயிரியலும் உளவியலும் அவருக்குத் துணை நின்றன. இதைப் பிரசங்கச் சரக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். ‘போன சென்மத்துப் பாவம், பறத்தெருவுல பொறந்த’ என்று நம்மிடம் சொல்லாதவர்கள் உண்டா? நம்மில் பெரியவர்களே தலைவிதி என்று அதைத் திருப்பிச் சொல்லவில்லையா? போன சென்மமே இல்லை என்று ஒரு பௌதிகப் பேராசிரியர் புத்தர் பேரால் 1907லேயே எழுதியது அந்த வாக்கியத்தின் அடியில் கத்தியை வைப்பது. அதே நூலில் சாதி பற்றித் தனி அத்தியாயம் இருக்கிறது. அது போதாதென்று 1922ல் சாதியை ஆராய்ந்து தனி நூலே எழுதினார்.

அவர் தனி ஆளும் இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1898ல் கர்னல் ஆல்காட்டோடு கொழும்புக்குப் போய்ப் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியிருந்தார். அதே 1898ல்தான் உ.வே.சா.வின் மணிமேகலைப் பதிப்பும் வெளிவந்தது. காஞ்சியில் மணிமேகலை கேட்ட அளவைப் பாடம் அச்சில் வந்த வருஷமும், சேரியிலிருந்து ஒரு வைத்தியர் பௌத்தத்துக்குத் திரும்பிய வருஷமும் ஒன்று. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை, ஆனாலும் எனக்கு இது சாதாரணமாகப் படவில்லை. அந்தப் பௌத்தக் கூட்டங்களில் சிங்காரவேலர் டார்வினின் பரிணாமத்தை விளக்கியிருக்கிறார். கலாட்டா செய்யப் போன சைவ இளைஞர்களில் திரு.வி.க.வும் ஒருவர், போனவர் உட்கார்ந்து டார்வினைக் கேட்டுவிட்டு வந்ததைத் தானே எழுதி வைத்திருக்கிறார். சிறுவயதில் கால் முடங்கிக் கிடந்த திரு.வி.க.வுக்கு வைத்தியம் பார்த்து நடக்க வைத்தவரும் அயோத்திதாசர்தான்.

பண்டிதர் சித்த வைத்தியர். மருந்து அரைப்பது, நாடி பார்ப்பது, எது பலித்தது எது பலிக்கவில்லை என்று நோயாளியின் உடம்பில் பார்த்துத் தெரிந்துகொள்வது அவர் தொழில். அவர் மதத்துக்குள் விஞ்ஞானத்தைத் தேடிய விதம் நரசுவினுடையதைப் போலில்லை. நரசு உதிர்த்துக்கொண்டே போனார். பண்டிதர் நம் சனங்கள் கொண்டாடுகிற ஒவ்வொன்றையும் எடுத்து, இதற்குள் என்ன கண்டுபிடிப்பு இருந்தது என்று கேட்டார். தீபாவளி அவருக்கு நரகாசுரனைக் கொன்ற நாளல்ல. பௌத்த சங்கத்தார் எள்ளிலிருந்து நெய் எடுக்கக் கண்டுபிடித்து, அதன் குணத்தைச் சோதித்து, அரசனுக்கு அறிவிக்க, சனங்கள் தீபவதி ஆற்றில் எண்ணெய் தேய்த்துக் குளித்த நாள். கார்த்திகை தீபம் ஆமணக்கு நெய்யைக் கண்டு விளக்கேற்றிய நாள். அம்மனைக்கூட வேப்பிலையின் குணம் சொல்லிக் கொடுத்த ஒரு பிக்குணியாகப் படித்தார். ஒரு சாதியைக் கொன்றதற்காகக் கொண்டாடுவது பார்ப்பனியம் கொடுத்த பண்டிகை, ஒரு பொருளைக் கண்டுபிடித்ததற்காகக் கொண்டாடுவது நம்முடைய பண்டிகை என்று 1907ல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ (பின்னாளில் ‘தமிழன்’) பத்திரிகை வழியாக நம் சனங்களுக்குச் சொன்னார்.

இதெல்லாம் நிஜமா என்று கேட்டால், நரசுவின் உரைகல்லில் இவற்றில் பல நிற்காது. பகுவன் என்கிற ராஜாவுக்குக் கல்வெட்டு எங்கே என்று வரலாற்று வாத்தியார் கேட்பார், கேட்கத்தான் வேண்டும். பண்டிதரின் சொற்பிறப்பு விளக்கங்கள் பல இடங்களில் அவர் மனோவேகத்துக்கு ஓடியவை. அதைவிடக் கடுமையான குறை, ‘பூர்வ பௌத்தர்’ என்று ஒரு சாராரை உயர்த்தும்போது சக்கிலியர், தோட்டி என்று வேறு ஒடுக்கப்பட்டவர்களைத் தள்ளி வைத்து அவர் எழுதிய பகுதிகள். பண்டிதர் நம்மவர் என்பதற்காக இதை மூடி மறைத்தால், வேதம் சொன்னதால் உண்மை என்பவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

ஆனால் நரசுவிடம் பண்டிதருக்கு இருந்த குறைப்பாடும் நியாயமானதுதான். இங்கிலீஷ் புத்தகங்களை மட்டும் வைத்துக்கொண்டு, தமிழ் நூல்களையும் இங்கே வாழ்கிற சனங்களின் வழக்கத்தையும் பார்க்காமல் பௌத்தம் பேசுகிறவர்களை அவர் ஏற்கவில்லை. நரசுவும் சிங்காரவேலரும் ஒரு பக்கமும் பண்டிதர் ஒரு பக்கமுமாகப் பிணக்கு வந்தது. சுத்தமாகத் துடைத்து வைத்த ஒரு தத்துவம் படித்தவனுக்குப் போதும். கோயிலுக்குள் விடாதவனுக்கு, பண்டிகையில் அசுரனாக்கப்பட்டவனுக்கு, தான் யார் என்கிற சரித்திரமும் வேண்டியிருக்கிறது. சோதிக்கிற முறையில் நான் நரசுவின் பக்கம். யாருக்காகச் சோதிக்கிறோம் என்பதில் பண்டிதரின் பக்கம். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது சுலபமில்லை.

பண்டிதர் 1914ல் இறந்தார். அதன்பிறகு பௌத்த சங்க வேலைகளில் நரசு முன்னுக்கு நின்றார். சங்கத்தின் உயிர் சென்னையைவிடக் கோலார் தங்கவயலில் இருந்தது. மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் லைன்களில் குடியிருந்த நம் சனங்கள் வட ஆர்க்காடு, செங்கல்பட்டுப் பக்கமிருந்து பஞ்சத்துக்கும் ஆண்டைக்கும் தப்பிப் போனவர்கள். 1902லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்துவிட்ட சுரங்கம் அது. கூண்டு, பம்பு, வெடிமருந்து, அழுத்தக் காற்று இவற்றோடு தினம் புழங்கிவிட்டு மேலே வந்து, சாயங்காலம் சங்கத்தில் உட்கார்ந்து அப்பாதுரையாரின் பேச்சைக் கேட்டார்கள். அவர்களை யாரும் விஞ்ஞானி என்று சொல்லவில்லை. ஆனால் பாறை மந்திரத்துக்கு உடையாது, கணக்குத் தப்பினால் ஆள் மேலே வர மாட்டான் என்பது அவர்களைவிட யாருக்குத் தெரியும்? அவர்கள் தேர்ந்துகொண்ட மதம் கேள்வி கேட்க விடுகிற மதமாக இருந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

காஞ்சியின் பிற்காலக் கதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1925ல் காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டிலிருந்துதான் பெரியார் வெளியேறினார். அண்ணா அந்த ஊர்க்காரர். பகுத்தறிவு இயக்கம் மதத்தை மொத்தமாகத் தள்ளியது. தள்ளிய வேகத்தில் ‘ஒன்றே குலம், ஒருவனே தேவன்’ என்று திரும்பியும் கொண்டது. கோயில் மதிலில் உட்கார்ந்திருக்கும் புத்தரிடம், தள்ளவும் வேண்டாம் பணியவும் வேண்டாம், சோதித்துப் பார் என்கிற மூன்றாவது வழி இருந்ததை அது பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொண்டவர் அம்பேத்கர். மதம் அறிவோடும் விஞ்ஞானத்தோடும் ஒத்துப்போகாவிட்டால் அது மரியாதை இழக்கும் என்று 1950ல் மகாபோதி சங்கத்தின் இதழில் எழுதினார். முன்பிறவிக் கர்மத்தால் இப்பிறவி ஏழ்மை என்கிற வாதத்தை, 1957ல் அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் அடியோடு மறுத்தார். இரண்டுக்கும் முன்னால் 1948ல் அவர் செய்த காரியம் நரசுவின் ‘பௌத்த சார’த்துக்கு முன்னுரை எழுதி பம்பாயில் மறுபதிப்புப் போட வைத்தது. பௌத்தம் பற்றி அதுவரை வந்ததில் சிறந்த நூல் என்பது அவர் மதிப்பீடு.

சமீபத்தில் காஞ்சிபுரத்தில் ஒரு வாசிப்புக் கூட்டத்தில் இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். இரசாயனம் எம்.எஸ்சி. படிக்கிற பெண் ஒருத்தி. அப்பா பட்டு முறுக்கும் பட்டறையில் கூலி. கடைசிவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: ‘அண்ணா, அவரு வேல பாத்த காலேஜ்ல அப்ப நம்மளச் சேத்துக்கிட்டாங்களா?’

சேர்க்கவில்லை. பச்சையப்ப முதலியார் கோயில் தருமங்களுக்கு எழுதி வைத்த பணத்தின் மிச்சத்தில் வளர்ந்த கல்வி அறக்கட்டளை அது. காஞ்சிபுரத்திலும் பள்ளிக்கூடம் நடத்தியது, அண்ணா அதில்தான் படித்தார். சென்னைக் கல்லூரி இந்துக்களுக்கானது. எல்லா மதத்தவருக்கும் அது திறந்தது 1947ல்தான். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு நரசு அங்கே பாடம் நடத்திய காலத்தில் இடமில்லை. பௌத்தம் பேசிய பேராசிரியருக்கு உள்ளே நாற்காலி இருந்தது. அவர் பேசிய பௌத்தத்துக்கு வந்து சேர்ந்த சனங்களின் பிள்ளைகளுக்கு அந்தப் பௌதிக வகுப்பில் பெஞ்சு இல்லை. அவர் பகலில் அங்கே கற்பித்தார். இராயப்பேட்டைக்கும் பெரம்பூருக்கும் கோலாருக்கும் போய், அந்தக் கல்லூரி சேர்க்காத சனங்களிடம் பேசினார். 1934ல் இறந்தபோது எழுதி முடித்து அச்சேறாத கையெழுத்துப் பிரதி ஒன்று மிச்சமிருந்தது. நவீன பௌத்தனின் மதம் எது என்பது அதன் பொருள். ஞான. அலாய்சியஸ் அதைத் தேடியெடுத்துப் பதிப்பித்தது 2002ல், அறுபத்தெட்டு வருஷம் கழித்து. அந்தப் பெண் நூலின் பெயரைத் தன் ரெக்கார்டு நோட்டின் பின்னட்டையில் எழுதிக்கொண்டாள்.